தாயின் நாளும் தொழிற்சாலையின் வாரமும்

தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றிய தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிகோலுகிறது என்ற கண்டனத்தால் பத்தே நாள்களில் கைவிடப்பட்டது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 65-ஏ என்னும் பிரிவைப் புதிதாகச் சேர்த்து, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் என்ற உச்சவரம்பிலிருந்தும் இடைவேளை, மிகைநேர ஊதியம் பற்றிய விதிகளிலிருந்தும் தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்த அந்தத் திருத்தத்தை, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. ஏப்ரல் 24 அன்று அது நிறுத்திவைக்கப்பட்டது. சிங்காரவேலர் 1923-இல் சென்னையில் இந்தியாவின் முதல் மே நாள் விழாவை நடத்திச் சரியாக நூறாண்டு நிறைந்த மே நாளன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். திரும்பப் பெற்றது சரியே. ஆனால் அந்தப் பத்து நாள்களில் முதலீட்டைப் பற்றியும் தொழிற்சங்க உரிமையைப் பற்றியும் பேசப்பட்ட அளவுக்கு, பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பும் பெண்ணின் வேலைநாள் எவ்வளவு நீளலாம் என்பது பேசப்படவில்லை.

மாநிலம் மூடிய கதவை ஒன்றிய அரசு வேறு பக்கமாகத் திறந்திருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றே விதிக்கிறது; ஆயினும் இடைவேளைகளையும் வேலை பரவும் நேரத்தையும் அரசாணையால் வகுத்துக்கொள்ள இடமளிக்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்புக்குள் நான்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் உழைத்து, எஞ்சிய மூன்று நாளும் ஊதியத்துடன் ஓய்வு பெறலாம் என்று ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் அதே ஆண்டு டிசம்பரில் விளக்கமும் அளித்தது. எட்டு என்று எழுதியிருக்கும் சட்டத்திலிருந்து பன்னிரண்டு எப்படிக் கிளைத்தது என்பதும், எட்டுக்கு மேற்பட்ட நான்கு மணி நேரம் இரட்டை ஊதியத்துக்கு உரியதா அல்லது வார வரம்புக்குள் கரைந்துவிடுமா என்பதும் விதிகளில் ஐயமறத் தெளிவாக வேண்டிய செய்திகள்.

இத்தகைய ஏற்பாட்டைச் செறிவு வேலைவாரம் எனலாம். பகுதிநேர வேலையில் நேரமும் ஊதியமும் சேர்ந்தே குறையும். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரையிலும் பிரிட்டனில் 2022-இலும் சோதித்துப் பார்க்கப்பட்ட குறுகிய வாரத்தில் ஊதியம் அப்படியே இருக்க நேரம் மட்டும் குறைந்தது. செறிவு வேலைவாரத்தில் இரண்டுமே குறைவதில்லை. அதே வேலைநேரம் குறைவான நாள்களுக்குள் நெருக்கி அடைக்கப்படுகிறது. மேலை நாடுகளில் பேறுகால விடுப்பு முடிந்து திரும்பும் அலுவலகப் பெண்கள் பலர் இதைத் தாமே கேட்டுப் பெறுகின்றனர். வாரத்தில் ஒரு நாள் முழுவதும் குழந்தையோடு இருக்க முடிகிறது, குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டும் ஒரு நாள் கட்டணம் மிச்சமாகிறது, சம்பளமும் குறைவதில்லை என்பதால் அவர்களுக்கு அது வசதியாக அமைகிறது. அந்த வசதி காலணித் தொழில் ஊரான ஆம்பூருக்கும் வருமா என்பதை அங்குள்ள தொழிலின் இயல்பை வைத்தே மதிப்பிட வேண்டும்.

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் தோல் மண்டலம், 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. தோல் பதனிடும் தொழிலில் ஆண்களே மிகுதி. ஆனால் அந்தத் தோலிலிருந்து காலணியும் காலணியின் மேல்பாகமான அப்பரும் செய்யும் ஷூ கம்பெனிகளில் தைப்பு, ஒட்டு, மடிப்பு வேலைகள் பெரும்பாலும் பெண்களின் கையில் உள்ளன. நாட்டிலுள்ள பெண் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேலானோர் தமிழ்நாட்டில் இருப்பதற்குத் திருப்பூரின் பின்னலாடைகளோடு இந்த ஷூ கம்பெனிகளும் ஒரு காரணம். மாதனூர், துத்திப்பட்டு, ஆலங்காயம், நாட்டறம்பள்ளி, குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கம்பெனி வண்டியில் வந்து போகும் இப்பெண்களில் பலர் திருமணத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

இங்கே வேலை நடப்பது லைனில். வெட்டுப் பிரிவிலிருந்து வரும் தோல் துண்டின் ஓரத்தை ஸ்கைவிங் எந்திரத்தில் ஒருவர் மெலிதாகச் சீவுகிறார். அடுத்தவர் பசை தடவுகிறார். அதற்கடுத்தவர் ஓரத்தை மடித்துத் தட்டுகிறார். பின்னுள்ள தையல் எந்திரங்களில் துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்து அப்பராக உருவெடுத்து, பரிசோதனை மேசைக்கும் அங்கிருந்து கட்டைமேல் ஏற்றும் லாஸ்டிங் பிரிவுக்கும் போகின்றன. மணிக்கு இத்தனை ஜோடி என்ற டார்கெட் லைன் முழுமைக்கும் வைக்கப்படுவதால், ஓர் இருக்கை காலியானால் அதற்கு முன்னால் துண்டுகள் குவிகின்றன, பின்னால் கைகள் சும்மா இருக்கின்றன. ஆகவே ஒரு தாய்க்கு மட்டும் வெள்ளிக்கிழமை விடுப்பு என்று ஏற்பாடு செய்ய வேண்டுமானால், அவருடைய இடத்தில் உட்கார எல்லா வேலையும் தெரிந்த மாற்று ஆள் வேண்டும். அப்படி ஆள் வைக்காத கம்பெனியில் செறிவு வேலைவாரம் வந்தால், அது லைன் முழுமைக்கும், அதாவது கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சேர்த்தே வரும். அலுவலகத்தில் தனிமனிதத் தேர்வாக இருக்கும் ஒன்று தொழிற்சாலைக்கு வரும்போது பொதுக் கட்டளையாக மாறிவிடுவதை இந்த விவாதத்தில் இறங்கும் பலர் கவனிப்பதில்லை.

பேறுகாலப் பயன்கள் சட்டம் 1961-இல் வந்தது. 2017-இல் செய்த திருத்தம் விடுப்பைப் பன்னிரண்டு வாரத்திலிருந்து இருபத்தாறு வாரமாக்கியது. இருபத்தாறில் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதமே முடிந்திருக்கும். வலி எடுக்கும் வரை வேலை பார்த்தவருக்கு ஆறு மாதக் குழந்தை இருக்கும். உயிருடன் இரு குழந்தைகள் இருக்க மூன்றாவதைப் பெற்றவருக்குப் பன்னிரண்டு வாரம்தான். ஷூ கம்பெனிப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறுவதால் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் கீழ் வருகின்றனர். விடுப்புக்கால ஊதியத்தை அந்தக் காப்பீட்டுக் கழகமே வழங்குவதால், கர்ப்பிணியை வைத்திருப்பது பெருஞ்செலவு என்னும் முதலாளிகளின் முறையீட்டுக்கு இந்த மண்டலத்தில் அவ்வளவு அடிப்படையில்லை. கம்பெனிக்கு உண்மையில் நேரும் இழப்பு, பழகிய கை ஒன்று திரும்பி வராமல் போவதுதான்.

குழந்தை பதினைந்து மாதம் அடையும் வரை நாளுக்கு இருமுறை பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகத்தையும், தாய் அங்கே நாளுக்கு நான்குமுறை சென்றுவரும் உரிமையையும் சேர்த்தது. ஆனால் அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, ஈ.எஸ்.ஐ. சட்டம் பொருந்தும் தொழிற்சாலைகளுக்கு, வேறு இரு பிரிவுகளில் சொன்னவை நீங்கலாக, இச்சட்டத்தின் எதுவும் பொருந்தாது என்று விலக்கி வைத்தது. காப்பீட்டுச் சட்டமோ பணம் தந்ததேயன்றிப் பாலூட்டும் இடைவேளையைப் பற்றிப் பேசவில்லை. எழுத்தின்படி பார்த்தால், லைனில் உட்கார்ந்த தாய்க்கு அந்த இரு இடைவேளைகளின் பிடிமானம் ஆண்டுக்கணக்காகத் தளர்வாகவே இருந்துள்ளது. இப்போது அந்த நான்கு தொகுப்புகளுள் மற்றொன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவ்வுரிமைகளை மீண்டும் எழுதியிருக்கும் நிலையில், அவை ஈ.எஸ்.ஐ. தொழிற்சாலைகளுக்கும் பொருந்தும் என்பதை ஒரே வரியில் ஐயமின்றிச் சொல்லிவிடுவது அரசுக்குப் பெரிய காரியமன்று.

பச்சைக் குழந்தையின் தேவையை வாரத்தால் அளக்க முடியாது. அது சில மணி நேரத்துக்கொருமுறை வந்து நிற்பது. உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் இணை உணவோடு இரண்டு வயது வரை தாய்ப்பால் என்று வலியுறுத்துகிறது. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஷிப்டு என்றும், அதற்குள்ளேயே இடைவேளைகள் அடங்கும் என்றும், வழியில் முக்கால் மணி நேரம் செல்லும் என்றும் கொண்டால், தாய் வீட்டை விட்டுக் கிளம்புவது ஏழே கால். திரும்புவது இரவு எட்டே முக்கால். பதின்மூன்றரை மணி நேரம் குழந்தை அவரிடம் இல்லை. இடைவேளைகள் ஷிப்டுக்கு வெளியே கணக்கிடப்பட்டால் அது இன்னும் நீளும். நான்கைந்து மணி நேரத்தில் பால் கட்டிக்கொண்டு மார்பு கனத்து வலிக்கத் தொடங்குவதும், கழிவறையில் பீய்ச்சி விடுவதும், சில வாரங்களில் பால் வற்றி வீட்டில் புட்டிப்பால் புகுவதும் இதன் இயல்பான தொடர்ச்சி. பீய்ச்சிய பாலை எடுத்துவைக்கலாமே என்பவர்கள், அது 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம்தான் தாங்கும் என்பதையும், வேலூரின் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். தொழிற்சாலையில் குளிர்பெட்டி இல்லாமல் அந்த யோசனை நிற்காது. மூன்று நாள் தொடர்ச்சியான ஓய்வு நான்கு நாளில் வற்றிய பாலைத் திரும்பக் கொண்டுவருவதுமில்லை.

இதில் மற்றொரு வழக்கமும் குறுக்கிடுகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதால் முதல் மாதங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெண்ணின் அம்மா. வேலைக்குத் திரும்புவதென்றால் கணவன் ஊருக்குத் திரும்ப வேண்டும். பழகிய அந்தக் கை அங்கேயே நின்றுவிடுகிறது. மாமியாரோ அவரும் கூலிக்குப் போகிறவராக இருக்கக்கூடும். எட்டு மணி நேர வேலைக்குப் பக்கத்து வீட்டாரிடம் கேட்கக்கூடிய உதவியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கேட்க முடியாது.

அதற்காக, தாய்மார் எவரும் இதை விரும்பமாட்டார் என்று முடிவுகட்டுவதும் நேர்மையாகாது. குழந்தைக்கு இரண்டு வயதாகி, வீட்டில் நம்பகமான ஆள் இருந்து, வண்டிப் பயணம் நெடுந்தூரமாக இருக்கும் பெண்ணுக்கு வாரத்தில் இரு பயணம் குறைவது பெரிய ஆறுதல்; தடுப்பூசிக்கும் ரேஷனுக்கும் வங்கிக்கும் சம்பளத்தை இழக்காமல் போய்வரலாம். அப்படிப்பட்டவருக்கு வழி இருக்கட்டும். ஆனால் பெல்ஜியம் 2022-இல் இதற்கு வகுத்த சட்டத்தை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். அங்கே கேட்க வேண்டியவர் தொழிலாளி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம், விட்டுவிடலாம். மறுக்கும் முதலாளி காரணத்தை எழுதித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே முழுநேர வாரம் 38 மணி. அதை நான்கு நாளில் செறித்தால் நாளுக்கு ஒன்பதரை மணி நேரம். இங்கே 48-ஐ நான்கால் வகுத்தால் பன்னிரண்டு. நாற்பத்தெட்டு என்பது 1946-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது முன்னெடுத்த முயற்சியில், 54-இலிருந்து இறங்கி வந்த எண். தலைமுறை தலைமுறையாகக் கருவிகள் மாறியும் அந்த எண் மட்டும் அசையாமல் நிற்க, அதைச் செறிப்பதைப் பற்றி மட்டும் பேசுவது விந்தைதான்.

ஊதியத்தைத் தாண்டிய கணக்கொன்றும் உண்டு. ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கே ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு என்பது தொழிற்சாலைகள் சட்டத்தின் நெடுநாளைய விதியாக இருந்தது. வாரம் நான்கு நாள் வீதம் ஐம்பத்திரண்டு வாரத்துக்கு 208 நாள்தான் வரும். அந்த விதிப்படி, நேரத்தால் முழு ஆண்டு உழைத்தும் நாளால் அவர் குறையாளி ஆகியிருப்பார். புதிய தொகுப்பு அந்த எண்ணிக்கையை 180 ஆகக் குறைத்திருப்பது நல்லதே; எனினும் பண்டிகை, நோய், குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுப்பெடுத்தது போக 208-இல் எஞ்சுவது அந்தக் கோட்டுக்கு மிக நெருக்கமாகவே நிற்கும். ஒரு நாள் வராமல் போனால் எட்டு மணி நேரத்துக்குப் பதில் பன்னிரண்டு மணி நேரக் கூலி போகும் என்பதையும், குழந்தை வைத்திருப்பவர்தாம் அடிக்கடி வராமல் போக நேரிடும் என்பதையும் கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆர்டரை நம்பிய தொழில் இது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பருவத்துக்குப் பருவம் அனுப்பும் ஆர்டர்களே லைனை ஓட்டுகின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது ஆம்பூர் கலங்கியது அதனால்தான். ஆர்டர் மிகும்போது நீண்ட நாளும், மெலியும்போது குறைந்த நாளும் நிர்வாகத்துக்கு வசதி. தாயின் நலனுக்கென்று கொண்டுவரும் ஏற்பாடு, கப்பல் தேதிக்கேற்பத் தாயை வளைக்கும் ஏற்பாடாக மாறாமலிருக்க, எந்தெந்த நாள் ஓய்வு என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். ஓய்வு நாளில் மிகைநேரத்துக்கு அழைப்பதை அறவே தடுக்க வேண்டும்.

காலணி ஏற்றுமதியில் இந்தியாவை வெகுதூரம் முந்திவிட்ட வியட்நாம் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. அந்நாட்டின் 2019-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஆறு மாதப் பேறுகால விடுப்பு தருவதோடு, குழந்தைக்குப் பன்னிரண்டு மாதம் ஆகும் வரை தாய்க்கு நாளொன்றுக்கு அறுபது நிமிடம் முழு ஊதியத்துடன் ஓய்வும் தருகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-இல் இயற்றிய 183-ஆம் உடன்படிக்கையும், பாலூட்டும் தாய்க்கு இடைவேளை அல்லது நாள்தோறும் நேரக்குறைப்பு என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. வியட்நாமில் அந்த அறுபது நிமிடத்தைக் கொடுத்துக்கொண்டே உலகச் சந்தையைப் பிடித்த தைவான் காலணி நிறுவனங்கள் இப்போது தமிழ்நாட்டுக்கு வருகின்றன. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட தோலல்லாத காலணித் தொழிற்சாலை 25,000 பேருக்கு வேலை தரும் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று அவர்கள் சொன்னால், அரசு அதைக் கேட்டுக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

செறிக்கத்தான் வேண்டுமென்றால், தாங்கக்கூடிய அளவொன்று நம் பழைய சட்டத்துக்குள்ளேயே இருந்தது. நாளுக்கு ஒன்பது மணி நேரம் வீதம் ஐந்து நாள் உழைத்தால் 45 மணி நேரம். வாரத்துக்குக் குறைவது மூன்று மணி நேரம், அதாவது வார ஊதியத்தில் பதினாறில் ஒரு பங்கு. பேறுகாலம் முடிந்து திரும்பியவருக்குக் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை இந்த மூன்று மணி நேரத்தைக் கம்பெனி விட்டுக்கொடுப்பது, பழகிய ஸ்கைவிங் கை ஒன்றை இழந்து புதியவரைப் பயிற்றுவிப்பதைவிட மலிவு. பதினைந்து மாதம் வரையிலான முதற்கட்டத்திலோ, வேலைநாளை நீட்டும் எந்த ஏற்பாடும் கூடாது. ஆறு நாளும் ஒரு மணி நேரம் முன்னதாக விடுவதே பொருத்தம். முன்னதாக விட்டாலும் கம்பெனி வண்டி ஷிப்டு முடிந்துதான் கிளம்பும் என்றால் அந்த ஒரு மணி நேரம் வாசலில் காத்திருப்பதில் கழியும். ஆகவே ஒரு வண்டி முன்னதாகக் கிளம்புவதும் விதியில் இருக்க வேண்டும். காப்பகம் பசையின் நெடி எட்டாத இடத்தில், லைனிலிருந்து நடந்து போய்ப் பாலூட்டித் திரும்பும் தொலைவில் இருக்க வேண்டும். சிறிய கம்பெனிகள் அடுத்தடுத்து நிற்கும் ஆம்பூரில் நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து ஒரு காப்பகத்தை நடத்தச் சட்டமே இடமளிக்கிறது.

தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதப் பேறுகால விடுப்பு தருகிறது. ஆம்பூர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு ஓராண்டு, அதே தெருவிலிருந்து ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு இருபத்தாறு வாரம். மூன்றாம் வீட்டில், கம்பெனியை விட்டு நின்று, தரகர் கொண்டுவந்து போடும் அப்பர்களை ஜோடிக் கணக்கில் கையால் தைக்கும் பெண்ணுக்கு ஒரு நாளும் இல்லை. பெங்களூருவின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டன் அமைப்புகளும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்றுமதிக் காலணிகளுக்குள் இப்படித் திண்ணையில் தைத்த தையல் இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான 1996-ஆம் ஆண்டின் 177-ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாயும், காலணி, தோல் பொருள் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அங்கிருந்து கிடைப்பதும்தான் இவர்களுக்குள்ள ஆதாரம். பன்னிரண்டு மணி நேர நாளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் லைனை விட்டு நிற்கும் தாய் போய்ச் சேரக்கூடிய இடமும் அந்தத் திண்ணைதான். எத்தனை பேர் பேறுகாலப் பணம் பெற்றனர் என்று தொழிற்சாலைகள் அரசுக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில், அவர்களுள் எத்தனை பேர் அதே லைனுக்குத் திரும்பி ஓராண்டு கழித்தும் அங்கே இருக்கின்றனர் என்று கேட்கும் கட்டம் ஒன்றையும் சேர்த்துவிட்டுப் பிறகு நான்கு நாள் வாரத்தைப் பற்றிப் பேசலாம்.